தன்லினா, துவாந்தேயா?

தமிழ்நாட்டிலிருந்து உறவினர் மியன்மாரின் யாங்கோன் வந்தால், பக்கத்திலுள்ள இந்த இரண்டு ஊர்களில் எதற்குக் கூட்டிப்போவது, வழிகாட்டி வேண்டுமா என்ற கேள்வி எழும்.

தன்லின்தான் பழைய சிரியம். பாகோ ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் போதும். போர்த்துக்கீசியன் டி பிரிட்டோ ஆண்ட துறைமுகம். 1613இல் அவனைக் கழுவேற்றினார்கள். பிற்காலத் தேவாலயத்தின் இடிந்த சுவரும், கதை சொல்ல ஆளில்லாவிட்டால், வெறும் செங்கல்தான். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் இங்கே வீணில்லை. அதைத் தாண்டியுள்ள சௌதான் ஊரில் ஆற்று நடுவே நிற்கும் யேலே பகோடாவில் இரையை வீசினால் கெளுத்திகள் வாயைப் பிளந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பீலிக்கான் முனீஸ்வரரையும் கும்பிட்டுவிட்டு வரலாம்.

துவாந்தே மண்பானை செய்யும் ஊர். அங்கே போக ஆற்றின் அக்கரையிலுள்ள டலா வரை படகு, பிறகு சாலை. சக்கரத்தில் பானை எழுவதைப் பார்க்க விளக்கவுரை எதற்கு? தனியாகவே போகலாம். ஆற்றுக் காற்றுக்காக எனக்குத் துவாந்தே பிடிக்கும். முழங்கால் வலிக்கும் அத்தையோடு என்றால் தன்லின்தான்.