பெயர் மாற்றும் ஜெர்சிக் கடை, சுங்கை சிப்புட்

2016இல் இங்கிலாந்துக் கால்பந்து லீக் பட்டம் வென்ற கையோடு, லெஸ்டர் அணி தன் நடுக்கள ஆட்டக்காரர் காந்தேவை செல்சி அணிக்கு விற்றது. நடுக்களம் ஓட்டையாகி அடுத்த பருவம் 12ஆம் இடம். அவர் பெயர் போட்ட ஜெர்சி வாங்கியவர்கள்தான் பாவம். இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்தக் கடை நல்ல வழி. பழைய எழுத்தை ஹீட் பிரஸ்ஸில் (சூடாக்கி அழுத்தும் இயந்திரம்) இளக்கி, ஓரத்திலிருந்து மெல்ல உரிக்கிறார்கள். மிச்சப் பசையைத் துடைத்து, துணி காய்ந்த பிறகே புது எழுத்துக்கான வினைல் (நெகிழித் தாள்) ஒட்டுகிறார்கள்: 150 பாகை செல்சியஸ், 15 விநாடி. சூடு கூடினால் பாலியெஸ்டர் பளபளத்துப்போகும், குறைந்தால் இரண்டு சலவையில் ஓரம் கிளம்பும். வெயிலில் வெளுத்த சட்டையில் பழைய எண்ணின் நிழல் தெரியத்தான் செய்யும். அதை முதலிலேயே காட்டிச் சொல்லிவிடுகிறார்கள், அந்த நேர்மை பிடித்திருக்கிறது. ஒரு நாள் கழித்து, உள்பக்கம் திருப்பி, பச்சைத் தண்ணீரில் துவையுங்கள்.