நோட்.ஜேஎஸ்ஸில் டிஎன்எஸ் சர்வர் மாற்றம்: ரிசால்வர் கிளாஸ் தேறுகிறது, பொதுவான செட்சர்வர்ஸ் தேறவில்லை

தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ் சர்வர். ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில், எந்த சர்வரிடம் கேட்பது என்பதை மாற்ற டிஎன்எஸ் மாட்யூலில் செட்சர்வர்ஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதற்குள் சர்வர்களின் ஐபி முகவரிகளை வரிசையாகக் கொடுத்தால் போதும், புரோகிராமை நிறுத்தாமலே சர்வர் மாறிவிடும். போர்ட்டையும் முகவரியோடு சேர்த்தே எழுதலாம், தப்பான முகவரி என்றால் அங்கேயே எரர். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

வம்பு அப்புறம்தான். ஆபீஸ் உள் நெட்வொர்க்கில் மட்டும் இருக்கிற பெயர்களுக்காக வேறு சர்வருக்கு மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். இப்போதைய சர்வர் பட்டியலைச் சொல்லும் கெட்சர்வர்ஸ் புது முகவரியைக் காட்டும், பெயருக்கு ஐபி கேட்கும் ரிசால்வ்4 சரியான ஐபியைத் தரும், ஆனால் அதே பெயருக்கு எச்டிடிபி ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஈநாட்ஃபவுண்ட், அதாவது பெயர் கிடைக்கவில்லை என்ற எரர், வந்து நிற்கும். ஏனென்றால் எச்டிடிபி போவது அதே மாட்யூலின் லுக்கப் ஃபங்ஷன் வழியாக, அது ரிசால்வ்4 பயன்படுத்தும் சி-ஏர்ஸ் என்ற டிஎன்எஸ் லைப்ரரியைத் தொடுவதே இல்லை, நேராக ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்கிறது. செட்சர்வர்ஸ் கட்டுப்படுத்துவது ரிசால்வ் வகையறாவையும், ஐபியிலிருந்து பெயரைத் தேடும் ரிவர்ஸையும் மட்டும்தான். டாக்குமெண்டேஷனில் இதைச் சொல்லியிருக்கிறார்கள், சரி, ஆனால் அந்த வரியை எரர் வந்த பிறகுதானே எல்லோரும் தேடிப் படிக்கிறோம்! ரிக்வெஸ்டின் லுக்கப் ஆப்ஷனில், ரிசால்வ்4-ஐக் கூப்பிடும் நம் ஃபங்ஷனைக் கொடுத்துவிட்டால் சமாளிக்கலாம்.

வரிசையிலும் கவனம் வேண்டும். பப்ளிக் சர்வரை முதலில் போட்டு உள் சர்வரை இரண்டாவதாகப் போட்டால், முதல் சர்வர் 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்றதும் கதை முடிந்தது. டைம்அவுட் அல்லது வேறு எரர் வந்தால்தான் இரண்டாவதிடம் போகும்.

இன்னொன்று, கேள்வி ஏதாவது பதிலுக்குக் காத்திருக்கும்போது செட்சர்வர்ஸைக் கூப்பிடக் கூடாது. பிஸியாக ஓடும் புரோகிராமில் சும்மா இருக்கும் நேரம் எங்கே கிடைக்கும்? நோட்.ஜேஎஸ் 8.3 வெர்ஷனில் வந்த, தனித்தனி சர்வர் பட்டியல் வைத்துக்கொள்ளும் ரிசால்வர் கிளாஸ் இங்கேதான் காப்பாற்றுகிறது: புதிதாக ஒன்றை உருவாக்கி, அதற்கு மட்டும் புது சர்வர்களைக் கொடுத்து, இனிவரும் கேள்விகளை அதற்குத் திருப்பிவிட்டால் பழையது கையில் இருப்பதை முடித்துக்கொள்ளும். காத்திருக்கப் பொறுமையில்லையா, பழையதில் கேன்சலைக் கூப்பிடுங்கள். ஒன்றின் செட்டிங் இன்னொன்றைத் தொடாது என்பதால் டெஸ்ட் எழுதவும் வசதி. எனக்கு இந்த மாட்யூலில் பிடித்ததே இதுதான், பொதுவான செட்சர்வர்ஸை நான் சின்ன ஸ்கிரிப்ட் தவிர வேறெதற்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

லுக்கப் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.26 முதல், அதாவது 2017 முதல், டிஎன்எஸ் சர்வர்களைக் குறித்து வைக்கும் ரிசால்வ்.கான்ஃப் ஃபைலை மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமும் தானாகவே மறுபடி படித்துக்கொள்கிறது.