600 அட்டைகள், ஐந்து மழைக்காலம்: ஓர் உலக வரலாற்று வினாடி வினாப் பெட்டி

2020 பிப்ரவரியில் நாகர்கோவிலில் ஒரு புத்தகக் கடையில் இந்தப் பெட்டியை வாங்கினேன். 600 அட்டைகள். முன்பக்கம் ஒரு கேள்வி, பின்பக்கம் ஒற்றை வரிப் பதில். எகிப்திலிருந்து பனிப்போர் வரை என்று மூடியில் போட்டிருந்தது. விலை 650 ரூபாய். குறைகளைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன் என்பதால் பெட்டியின் பெயரும் வெளியிட்டவர் பெயரும் வேண்டாம். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அக்கா மகனுக்கென்று வாங்கியது. இதிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை என்று பிறகு சொன்னான். தேர்வை மனதில் வைத்து வாங்க நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்த மாதமே ஊரடங்கு. திங்கள்சந்தைப் பக்கம் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், என் மகள், ஊருக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்ட அக்கா மகன் என்று ஐந்து பேர். சாயங்காலம் சாயாவும் அவித்த மரச்சீனியுமாக உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவாகிவிடும். பெட்டி அப்படித்தான் வீட்டில் ஒட்டிக்கொண்டது.

அட்டையின் தரத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. முதல் வருஷமே அட்டைகள் ஊதிப்போய், மூடி சரியாக மூடாமல் நின்றது. ஓரங்களில் பூசணம். இரண்டாம் வருஷம் பிஸ்கட் டின்னுக்கு மாற்றி, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வைத்தேன். அதற்கப்புறம் தொந்தரவு இல்லை. கட்டுக்கட்டாகப் பிரித்து வைக்க அவர்கள் கொடுத்த ரப்பர் பேண்டுகள் ஆறே மாதத்தில் பொடிந்து போயின. தோட்டத்தில் 40 ரப்பர் மரம் நிற்கிற வீட்டில் ரப்பர் பேண்டுக்குத் தட்டுப்பாடு. இன்றைக்கு மிச்சம் 583 அட்டைகள்.

இனி உள்ளே இருக்கும் சரக்கு. முதல் மூன்று மாதம் நன்றாக ஓடியது. ஜூனுக்குள் மகள் பாதி அட்டைகளை மனப்பாடம் செய்துவிட்டாள். வாட்டர்லூ என்று தொடங்கும்போதே 1815 என்பாள். நூறாண்டுப் போர் 1337 முதல் 1453 வரை, ஆக 116 வருஷம் என்று ஒப்பிப்பாள். யாருக்கும் யாருக்கும் சண்டை என்று கேட்டால் முழிப்பாள். அப்படிக் கேட்டால் பதில் சொல்ல அட்டையிலும் ஒன்றும் இல்லை. ஆண்டைக் கேட்டு ஆண்டைச் சொல்லும் அட்டைகள் கிட்டத்தட்ட 200 இருக்கும். அவை ஒரு சுற்றுக்கு மேல் தாங்காது.

அலுத்துப்போய் பெட்டியை மேலே தூக்கி வைத்திருப்போம். காப்பாற்றியது ஒரு அட்டை. "1549-ல் ஜப்பானில் இறங்கிய கிறிஸ்தவ மறைபரப்பாளர் யார்?" என்று நான் படித்தேன். பின்பக்கம் "பிரான்சிஸ் சேவியர்" என்று இருந்தது. மகள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "கோட்டாறு சவேரியாரா? டிசம்பர் 3 லீவு விடுவாங்களே, அவரா?" என்றாள். அவரேதான். 1542-ல் கோவாவில் வந்து இறங்கி, நம் கடற்கரை ஊர்களில் நடந்து, அப்புறம் ஜப்பான் போய், 1552-ல் சீனக் கரையோரம் ஒரு தீவில் இறந்தவர். பிள்ளைக்கு அவர் தேர்த் திருவிழா, ராட்டினம், ஒரு நாள் விடுமுறை. அட்டைக்கு அவர் ஒரு பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று தெரிந்த அன்று இரவு யாரும் அடுத்த அட்டையை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து விளையாட்டை மாற்றினோம். அட்டையில் ஒரு ஆண்டு வந்தால், அந்த ஆண்டில் நம் ஊரில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். நம் ஊர்ச் சங்கதி ஒன்று தெரிந்தால், அதே ஆண்டு உலகத்தில் என்ன நடந்தது என்று அட்டைகளில் தேட வேண்டும். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859 நவம்பரில் வெளிவந்தது. அதே வருஷம் ஏப்ரலில் சூயஸ் கால்வாய் தோண்டத் தொடங்கினார்கள். அதே 1859 ஜூலையில்தான் திருவிதாங்கூரில், பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பணிந்து அரசு பிரகடனம் வெளியிட்டது. மூன்றையும் தரையில் வரிசையாக வைத்தபோது, மேல் உடுத்தும் துணிக்கு இங்கே அரசாணை தேவைப்பட்ட நாளில் அங்கே கடலோடு கடலை இணைக்கக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்களா என்று அக்கா மகன் கேட்டான். அந்தக் கால்வாயைக் கட்டாய வேலைக்குப் பிடித்து வரப்பட்ட எகிப்திய விவசாயிகள்தான் தோண்டினார்கள் என்று பிறகு தேடிப் படித்தேன். அட்டையில் அது இல்லை. பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

1956 நவம்பர் 1-ம் அப்படித்தான். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். அன்றைக்குத்தான் ஹங்கேரிப் பிரதமர் இம்ரே நாகி, சோவியத் அணியின் ராணுவக் கூட்டான வார்சா ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார். அதே நேரம் சூயஸில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. மூன்று நாள் கழித்து சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்தன.

அப்பா பத்திர எழுத்தராக இருந்தவர். உலக வரலாறு அவருக்குப் பழக்கமில்லை, ஆனால் தேதி என்றால் விடமாட்டார். ஒருநாள், பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்ற வி.ஓ.சி. என்ற வணிக நிறுவனம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்ற அட்டை வந்தது. "இதென்ன மக்களே கேள்வி, நம்ம தூத்துக்குடிக் கப்பல் கம்பெனிதானே" என்றார். மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 1602-ல் தொடங்கிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அதே மூன்றெழுத்துத்தான் சுருக்கம். வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது 1906-ல். இதிலும் பங்கு விற்றார்கள், இதுவும் கப்பல் கம்பெனி. அப்பாவுக்கு அரை மதிப்பெண் கொடுத்தோம்.

அவர் உண்மையில் ஜெயித்தது இன்னொரு அட்டையில். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நவம்பரில் வருவது எப்படி என்று எங்கள் எல்லாருக்கும் குழப்பம். "1917 நவம்பர் 7" என்று மட்டும் பின்பக்கம் இருந்தது. அப்பா கேட்டார், "அவங்க பஞ்சாங்கம் வேறயோ?" வேறுதான். ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் 13 நாள் பின்னால் இருந்தது, அவர்களுக்கு அன்று அக்டோபர் 25. பழைய பத்திரங்களில் திருவிதாங்கூர்க் கணக்கான கொல்லம் ஆண்டைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கைக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆவணியில் பிறக்கும் அந்த ஆண்டோடு, தேதி ஆவணிக்கு முன்பா பின்பா என்று பார்த்து 824 அல்லது 825 கூட்ட வேண்டும் என்று மகளுக்கு அன்றே சொல்லிக்கொடுத்தார். குளச்சல் போர் 916 என்று அவள் இப்போது சொல்வது அதனால்தான்.

அந்தக் குளச்சல் போர் பெட்டியிலேயே இல்லை. இதுதான் என் பெரிய குறை. 1741 ஆகஸ்ட் 10-ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த இடம் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போகும் தூரம். 1741 என்று இருந்த ஒரே அட்டை, ரஷ்யாவுக்காகக் கப்பலோட்டிய டேனிஷ்காரர் பெரிங் அலாஸ்காவைப் பார்த்த வருஷம் என்றது. பரவாயில்லை, அதற்குப் பக்கத்தில் நாங்களே எழுதிய குளச்சல் அட்டையைச் செருகினோம். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, 'வலிய கப்பித்தான்' (பெரிய கேப்டன்) ஆகி, 1777-ல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டிருக்கிறார். கல்லறையில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. மார்த்தாண்ட வர்மாவின் அரசில் வேலை பார்த்த நீலகண்ட பிள்ளை கிறிஸ்தவத்தைத் தெரிந்துகொண்டது இந்த டிலனாயிடம்தான். அந்த நீலகண்ட பிள்ளைதான் தேவசகாயம் பிள்ளை. 2022 மே 15-ல் ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, மகள் பாதியில் எழுந்து போய் டின்னிலிருந்து அந்த அட்டையை எடுத்துவந்து கடைசி வரியைச் சேர்த்தாள்.

லிஸ்பன் அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1755-ல் நிலநடுக்கத்தில் அழிந்த ஐரோப்பியத் தலைநகர் எது என்பது கேள்வி. அம்மா குளச்சல்காரி, பொதுவாக விளையாட்டில் சேரமாட்டார், கிழங்கு உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். பதிலைப் படித்ததும், "எந்த நாளு?" என்றார். நவம்பர் 1, சகல புனிதர் திருநாள், காலையில் எல்லாரும் கோவிலில் இருந்த நேரம் என்று செல்போனில் பார்த்துச் சொன்னேன். நிலம் ஆடி முடிந்ததும் துறைமுகத்துப் பக்கம் ஓடியவர்கள் கடல் உள்வாங்கியதைப் பார்த்தார்கள், அப்புறம் அலை வந்தது என்றேன். அம்மா கத்தியைக் கீழே வைத்தார். 2004 டிசம்பர் 26-ம் ஞாயிற்றுக்கிழமை காலைதான், கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கொட்டில்பாட்டில் அவருடைய சித்தி வீடு இருந்த இடம் இப்போது வெறும் மணல். அந்த அட்டை இன்னும் டின்னில் இருக்கிறது, யாரும் அதை எடுத்துக் கேட்பதில்லை.

தவறுகளும் உண்டு. சீனப் பெருஞ்சுவர் விண்வெளியிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியும் என்கிறது ஒரு அட்டை. 2003-ல் போய்வந்த சீன விண்வெளி வீரர் யாங் லிவேயே தனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்.

இன்னொரு குறை, உலகம் என்று மூடியில் போட்டுவிட்டு உள்ளே ஐரோப்பாவை அடைத்திருப்பது. ஒரு மழை நாளில் பிரித்து எண்ணினோம். 600-ல் ஐரோப்பா 347. ஆப்பிரிக்கா 29, அதில் 21 எகிப்து. 1896-ல் அட்வாவில் இத்தாலியப் படையை எத்தியோப்பியா தோற்கடித்தது இல்லை. அடிமைகள் புரட்சி செய்து 1804-ல் தனி நாடாக்கிய ஹைட்டியும் இல்லை. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹெ பற்றி ஒரு அட்டை இருக்கிறது, ஆனால் அவர் 1409 தேதியிட்டு இலங்கையின் காலி நகரில் வைத்த கல்வெட்டு சீனம், பாரசீகம், தமிழ் என மூன்று மொழியில் இருப்பதைச் சொல்லவில்லை. கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது அந்தக் கல். தமிழில் விற்கும் பெட்டியில் இதை விட்டவர்களை என்ன சொல்வது!

பெட்டியோடு 20 வெற்று அட்டைகள் வந்தன. விளம்பரத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. என்னைக் கேட்டால் 650 ரூபாய்க்கு அதுதான் உருப்படியான சரக்கு. அவை தீர்ந்து, இப்போது கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை வெட்டிப் பயன்படுத்துகிறோம், 112 சேர்ந்துவிட்டது.

போன மாதம் அதே கடையில் புதிய பதிப்பைப் பார்த்தேன். விலை 899. பளபளப்பான அட்டை, ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி நாடா. கடைக்காரரிடம் கேட்டுப் பிரித்து, ஆசியா கட்டைப் புரட்டினேன். சீனச் சுவர் அப்படியே விண்வெளியிலிருந்து தெரிந்துகொண்டிருந்தது. குளச்சல் இல்லை. வெற்று அட்டைகளையும் எடுத்துவிட்டார்கள். மூடி வைத்துவிட்டு வந்தேன்.