குலசேகரம் பக்கம் ஃபைபர் நெட்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

எங்களுக்குக் கேபிள் டி.வி. கொடுத்துக்கொண்டிருந்தவர்தான் இப்போது ஃபைபர் நெட்டும் கொடுக்கிறார். பேர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன். 60 எம்.பி.பி.எஸ். பிளான் 599 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 707.

வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஒயரைக் குத்திப் பார்த்தால் சாயங்காலமும் 55 வருகிறது. அடுக்களையில்தான் வைஃபை தள்ளாடும், பழைய வெட்டுக்கல் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டாது. 2.4-க்கு மாற்றினால் வேகம் குறைந்தாலும் அறுந்துபோகாது. என் ஆன்லைன் டியூஷனுக்கு அது போதும்.

அப்பா மஸ்கட்டில் இருந்த காலத்தில், ஜங்ஷனில் மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ராத்திரி ரேட் குறைந்த பிறகுதான் போவோம். அம்மை ஓடுகிற சிவப்பு நம்பரைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவாள். இப்போது துபாயில் இருக்கும் அண்ணனை போட்டிம் ஆப்பில் கூப்பிட்டு (வாட்ஸப் கால் அங்கே ஓடாது), போனைச் செம்பில் சாய்த்துவைத்துவிட்டு மரச்சீனி தொலிக்கிறாள். பத்து நிமிஷம் இரண்டு பேரும் வாயே திறப்பதில்லை.

ஆடிக் காற்றில் ரப்பர் கொம்பு ஒடிந்து கேபிள்மேல் விழுந்தது. மோடம் பெட்டியில் சிவப்பு லைட். ஆபீஸ் நம்பரில் மணி மட்டும் அடித்தது. மூன்று நாள் என் டியூஷன் பிள்ளைகளுக்குப் பாடம் இல்லை. நாலாம் நாள் பைக்கில் ஒரு பையன் வந்தான். தலைமுடி கனத்தில் இருந்த கண்ணாடி இழையைச் சீவி, துடைத்து, மெஷினுக்குள் வைத்தான். சின்னத் திரையில் இரண்டு முனையும் நேருக்கு நேர் வந்தன, ஒரு பொறி, ஒட்டிவிட்டது. “அக்கா, இப்ப பாருங்க.” பச்சை. மொத்தம் பத்து நிமிஷ வேலை.

கரண்ட் போனால் நெட்டும் போகும். பழைய லேண்ட்லைனின் தாமிரக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும், வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் போன் மணியடிக்கும். ஃபைபரில் வருவது வெறும் வெளிச்சம், பெட்டிக்கு நம் வீட்டுக் கரண்ட்தான் வேண்டும். 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்தபோது இங்கே நாள்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போன் டவர்களும் படுத்துவிட்டன. எங்கள் 04651 போன் மட்டும் மறுநாள்வரை உயிரோடு இருந்தது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் எங்கள் வராந்தாவில்தான். அந்தக் கனெக்‌ஷனைப் பிறகு சரண்டர் பண்ணியதும் நான்தான், அம்மை இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாள். இப்போது 12 வோல்ட் குட்டி யு.பி.எஸ். ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன், மூன்று மணிநேரம் தாங்குகிறது.

வேகத்துக்கு 5-க்கு 4, சர்வீஸுக்கு 2. வாங்கலாம். வாங்கும்போதே அந்தப் பையனின் நம்பரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மிச்ச கேபிளை அயனிமரத்தில் வளையமாகத் தொங்கவிட்டுப் போயிருக்கிறான், அடுத்த காற்றுக்குத் தாங்காது. இழுத்துக் கட்டச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று. திங்கட்கிழமை வருகிறானாம்.