மாற்று வாத்தியார்கள் மூவர்: எந்தப் படத்தில் இசை கற்றுத்தரப்படுகிறது?

இசை வகுப்புக்குத் துளியும் பொருத்தமில்லாத ஒருவர் வாத்தியாராக வந்து சேர்கிறார். பிள்ளைகள் அவரை வழிக்குக் கொண்டுவருகிறார்கள், அவர் பிள்ளைகளை இசைக்குக் கொண்டுவருகிறார். குடும்பத்தோடு பார்க்க இந்த வகையில் மூன்று படங்கள் போட்டியில் நிற்கும்: 'ஸ்கூல் ஆஃப் ராக்' (2003), 'சிஸ்டர் ஆக்ட் 2' (1993), பிரெஞ்சுப் படமான 'லே கோரிஸ்ட்' (2004). மூன்றிலும் கதை எங்கே போகும் என்பது முதல் இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும். அதனால் கதையை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. அந்த வாத்தியார் உண்மையிலேயே எதையாவது சொல்லிக்கொடுக்கிறாரா என்று பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். அப்படிப் பார்த்தால் 'ஸ்கூல் ஆஃப் ராக்'குக்குத்தான் முதலிடம்.

ரிச்சர்ட் லிங்க்லேட்டர் இயக்கியது. எழுதியவர் மைக் வைட். ஜாக் பிளாக் நடித்த டூவி, தான் ஆரம்பித்த பேண்டிலிருந்தே துரத்தப்பட்டவன். வாடகைக்குக் காசில்லாமல் நண்பன் பெயரில் ஒரு தனியார் பள்ளிக்குள் மாற்று ஆசிரியராக நுழைகிறான். பிள்ளைகள் செவ்வியல் இசை வாசிப்பதை ஜன்னல் வழியே பார்த்ததும் வேனிலிருந்து கருவிகளை இறக்குகிறான். அதற்குப் பிறகு வரும் சில நிமிடங்கள்தான் படத்தின் உயிர். கிட்டார் பையன் ஸாக்குக்கு அவன் இசைத்தாள் எதையும் நீட்டுவதில்லை. 'அயர்ன் மேன்', 'ஸ்மோக் ஆன் த வாட்டர்', 'ஹைவே டு ஹெல்' என்ற ராக் பாட்டுகளிலிருந்து ஒவ்வொரு துணுக்காக வாசித்துக் காட்ட, பையன் காதில் வாங்கித் திருப்பி வாசிக்கிறான். திரையில் வாசிக்கும் பிள்ளைகள் நிஜமாகவே வாசிக்கத் தெரிந்தவர்கள். அதற்காகவே தேடி எடுக்கப்பட்டார்கள். விரல் ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம் என்ற போலித்தனம் இல்லாததற்கு அதுதான் காரணம்.

வீட்டுப்பாடமாக அவன் தரும் குறுந்தட்டுகளும் பொறுக்கி எடுத்தவை. கீபோர்டு பையனுக்கு 'யெஸ்' குழு, டிரம்ஸ் பையனுக்கு 'ரஷ்', கிட்டாருக்குக் கிட்டார் கலைஞர் ஹெண்ட்ரிக்ஸ், பாடும் பெண்ணுக்குப் பிங்க் ஃபிளாய்டின் ஒரு பாட்டில் வரும் தனிக்குரல். அவரவர் கருவிக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லித்தரும் வாத்தியார் நிஜப் பள்ளிகளிலேயே அபூர்வம். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. விளக்கு, பாதுகாப்பு, உடை, சாமான் தூக்குவது, மேலாளர் என்று வகுப்பு முழுவதற்கும் வேலை உண்டு. ஒரு பேண்ட் மேடையேறத் தேவைப்படும் ஆட்களின் கணக்கும் அதுதான்.

படம் பொய் சொல்லும் இடங்களும் உண்டு. படம் முடிந்த கையோடு பிள்ளைகள் கருவி கேட்பார்கள் என்பதால் இவற்றைச் சொல்லியாக வேண்டும். செல்லோவைப் படுக்கவைத்தால் பேஸ் கிட்டார் ஆகிவிடும் என்பதுபோல் ஒரு காட்சி வருகிறது. செல்லோவின் தந்திகளுக்கு நடுவே ஸ–ப இடைவெளி, பேஸ் கிட்டாரில் ஸ–ம இடைவெளி. செல்லோவில் பழகிய விரல் இடம் அங்கே தவறான ஸ்வரத்தில் போய் நிற்கும். வழக்கமான பேஸ் கிட்டாரின் தந்தி நீளம் 86 செ.மீ. பத்து வயதுக் கை அதில் திணறும், 76 செ.மீ. குட்டைப் பேஸில் தொடங்குவது நல்லது. பியானோ பழகிய கை ஆர்கன் ஒலிக்கு மாறும்போதும் இடறும். அழுத்தி அடித்தாலும் சத்தம் கூடாது, விரலை எடுத்ததும் ஒலி நின்றுவிடும். சிம்பல் தட்டிக்கொண்டிருந்த பையன் அன்றைக்கே முழு டிரம்ஸில் உட்கார்ந்து தாளம் பிடிப்பதுதான் இருப்பதிலேயே பெரிய பொய். இரண்டு கை, இரண்டு கால் நான்கும் தனித்தனியே வேலை செய்யப் பல வாரங்கள் பிடிக்கும். கிட்டார் கேட்கும் பிள்ளைக்கு மட்டும் முதல் நாளே ஒரு வெற்றி கிடைக்கும்: 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' துணுக்கை ஒரே தந்தியில் 0-3-5, 0-3-6-5, 0-3-5-3-0 என்ற கட்டங்களில் வாசிக்கலாம் (0 என்றால் விரல் வைக்காத வெறும் தந்தி). மெதுவாக, எண்ணிக்கொண்டு.

கருவியைவிடப் பாட்டில் நாட்டமுள்ள வீட்டுக்கு 'சிஸ்டர் ஆக்ட் 2' பொருந்தும். வூப்பி கோல்ட்பர்க் லாஸ் வேகாஸ் மேடைப் பாடகி. கன்னியாஸ்திரி வேடத்தில் சான் பிரான்சிஸ்கோவின் ஒரு பள்ளிக்கு இசை ஆசிரியையாக வருகிறார். பாடத் தெரிந்தவர் என்பதால் டூவி அளவுக்குத் தகுதியில்லாதவர் அல்ல. பள்ளியை மூடப் பார்க்கும் நிர்வாகி, தடுமாறும் பாதிரியார்கள் என்று முதல் பாதி நகைச்சுவை இழுவைதான், மறைக்க ஒன்றுமில்லை. பொறுத்துக்கொண்டால் 'ஓ ஹாப்பி டே' வரும். அப்போது உலகம் அறியாத லாரின் ஹில்லின் குரலும் வரும். கைதட்டலைக் கவனிக்கச் சொல்லுங்கள்: நான்கு எண்ணிக்கையில் 2-இலும் 4-இலும் விழுகிறது. பழக்கதோஷத்தில் 1-இலும் 3-இலும் தட்டினால் பாட்டு அப்படியே படுத்துவிடும். அந்தப் பாட்டில் தனித்துப் பாடும் பையன் எட்டும் உச்சக் குரலை எழுந்தவுடன் முயன்றால் தொண்டை கட்டும். கீழ் ஸ்தாயியில் கொஞ்ச நேரம் பாடிச் சூடேற்றிய பிறகு பார்க்கலாம்.

போட்டிக் காட்சியில் இவர்கள் தயாரித்த அதே பாட்டை எதிர்க் குழு முதலில் பாடிவிடுகிறது, செவ்வியல் முறையில், அப்பழுக்கில்லாமல். பிள்ளைகள் வெலவெலத்துப் போகிறார்கள். மெட்டு பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் வருவது. சங்கராபரண ஸ்வரங்களில் க க ம ப, ப ம க ரி, ஸ ஸ ரி க, க ரி ரி. அதே ஸ்வரங்கள் இன்னொரு தாள நடையில் எப்படி வேறு பாட்டாகின்றன என்பதை இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். இந்த ஒரு பாடத்தில் 'சிஸ்டர் ஆக்ட் 2' மற்ற இரண்டையும் முந்திவிடுகிறது.

'லே கோரிஸ்ட்' பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1949-இல் நடக்கும் கதை. தோற்றுப்போன இசையமைப்பாளர் ஒருவர் கண்டிப்பான விடுதிப் பள்ளிக்குக் கண்காணிப்பாளராக வருகிறார். ஒவ்வொரு பையனையும் பாடச்சொல்லிக் கேட்டுக் குரல் பிரிக்கிறார். சுருதி சேராதவனை இசைத்தாள் பிடிக்கும் ஆளாக நிறுத்துகிறார். சேர்ந்திசைக் குழு அமைப்பதை இவ்வளவு சரியாகக் காட்டும் காட்சி மற்ற இரண்டிலும் இல்லை. முக்கியப் பையனாக நடித்த ஜான்-பாப்டிஸ்ட் மோனியே என்பவர் நிஜத்தில் லியோன் நகரச் சிறுவர் குழுவில் பாடியவர். ஆனால் அடி, தண்டனை, சோகம் அதிகம். வசன வரி வாசிக்கத் தெரியாத வயதுக்கு ஒத்துவராது. பத்து வயதுக்கு மேல் காட்டலாம்.

'ஸ்கூல் ஆஃப் ராக்'குக்கு அமெரிக்காவில் பிஜி-13 சான்று, அதாவது பதின்மூன்று வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குச் சில பகுதிகள் பொருந்தாமல் போகலாம் என்ற எச்சரிக்கை. கொச்சைப் பேச்சும் போதைப்பொருள் பற்றிய பேச்சும் காரணம். 'சிஸ்டர் ஆக்ட் 2'வுக்கு அதைவிட மென்மையான வெறும் பிஜி. ஏழெட்டு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் பின்னதை முதலில் போடுவதே சரி.

முடிவிலும் இரண்டும் பிரிகின்றன. பாடகர் குழு போட்டியில் ஜெயிக்கிறது. டூவியின் பிள்ளைகளோ தோற்கிறார்கள், அதுவும் அவனைத் துரத்திய பழைய பேண்டிடம். ஆனாலும் அரங்கம் இன்னொரு பாட்டுக் கேட்டுக் கத்துகிறது. தேர்விலும் போட்டியிலும் மாட்டிக்கொண்டு இசையை வெறுக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைக்கு இரண்டாவது முடிவைத்தான் காட்ட வேண்டும். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அணைத்துவிடாதீர்கள். பள்ளி முடிந்த பிறகு நடக்கும் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் ஏசி/டிசி என்ற ராக் குழுவின் பாட்டு ஒன்றைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருப்பார்கள்.