நீட் விடைக்குறிப்பும் தரவரிசைக் கணிப்பானும்: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

நீட் தேர்வு முடிந்து வெளியே வரும் மாணவர்கள் விடைக்கான வட்டங்களை நிரப்பிய ஓஎம்ஆர் தாளை அறைக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு வினாத்தாளை மட்டும் வீட்டுக்கு எடுத்து வருகிறார்கள். அதில் விடைகளுக்கு அருகே தாங்கள் வைத்த சிறு புள்ளிகளை நம்பித்தான் அன்றிரவே "உனக்கு எவ்வளவு வருது?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். இந்தக் கேள்விக்காகவே தனியார் பயிற்சி மையங்கள் விடைக்குறிப்பு, மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசையை முன்கூட்டியே ஊகித்துச் சொல்லும் தரவரிசைக் கணிப்பான் என்ற இரண்டு சேவைகளை இலவசமாக வழங்குகின்றன. 2025 மே 4 அன்று நடந்த தேர்வுக்குப் பிறகு, எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுடன் உட்கார்ந்து, அத்தகைய மையம் ஒன்றின் இரு சேவைகளையும் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்தேன். விடைக்குறிப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கணிப்பானைத் தேர்வு முடிவு வரும் வரை எந்த மாணவரும் திறக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

விடைக்குறிப்பிலிருந்து தொடங்குகிறேன். தேர்வு முடிந்த சில மணி நேரத்திலேயே உயிரியல் விடைகள் வந்துவிட்டன. இயற்பியல் இரவு வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. ஆனால் வந்தபோது வெறும் எண்களாக வராமல், ஒவ்வொரு கணக்கும் படிப்படியாகத் தீர்த்துக் காட்டப்பட்டிருந்தது. உயிரியலில் ஒவ்வொரு விடைக்கும் மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடநூலின் எந்த அத்தியாயம், எந்தப் பக்கம் என்று குறித்திருந்தார்கள். வினாத்தாள் குறியீடு மாறினால் வினாக்களின் வரிசையும் மாறிவிடும். எங்கள் மாணவியர் இருவர் ஒரே வினாவைத் தேடி ஆளுக்கொரு பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, குறியீட்டைத் தேர்ந்தெடுத்தவுடன் அவரவர் வரிசைப்படியே விடைகளை அடுக்கித் தந்த வசதி மிகவும் உதவியது. நீட் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை வெளியிடும் தற்காலிக விடைக்குறிப்பில் விளக்கம் எதுவும் இருக்காது. சரியான விடையின் எண் மட்டுமே இருக்கும். தன் விடை ஏன் தவறு என்று அறிய விரும்பும் மாணவருக்கு இந்த வகையில் தனியார் சேவையே மேலானது.

இருப்பினும் முதல் இரவு வெளியாகும் குறிப்பை இறுதியானதாகக் கொள்ளக் கூடாது. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு என்பதால், குறிப்பில் ஒரே ஒரு விடை மாறினாலும் மாணவரின் கணக்கில் 5 மதிப்பெண் வரை ஏறவோ இறங்கவோ கூடும். அன்றிரவு வந்த குறிப்பில் சில விடைகள் மறுநாள் காலையில் திருத்தப்பட்டிருந்தன. திருத்தியது சரியே. ஆனால் எந்தெந்த வினாக்களில் திருத்தினார்கள் என்ற பட்டியல் இல்லை. முந்தைய இரவு மொத்தத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு உறங்கப் போன பிள்ளைகள் மறுநாள் முதல் வினாவிலிருந்து மீண்டும் சரிபார்க்க வேண்டியிருந்தது. திருத்தங்களை மேலே தனியாகக் குறிப்பது பெரிய வேலையே அல்ல.

தமிழ் வழி மாணவர்களுக்கு இன்னொரு குறையும் இருக்கிறது. இந்தச் சேவையில் வினாக்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. தமிழ் வினாத்தாளில் ஆங்கில வடிவமும் உடன் அச்சாகியிருக்கும். ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பதும் விதி. ஆனால் தேர்வறையில் மாணவர் படிப்பது தமிழை. 2018இல் தமிழ் வினாத்தாளின் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருப்பதாக வழக்குத் தொடரப்பட்டு, 196 மதிப்பெண் வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும், பின்னர் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். அப்படியொரு வரலாறு இருக்கையில், தமிழ்நாட்டு மாணவர்களை நோக்கி விளம்பரம் செய்யும் ஒரு மையம் தமிழ் வினாத்தாளை ஒரு முறையேனும் படித்துப் பார்த்துக் குறிப்பு எழுதியிருக்க வேண்டும்.

நல்ல ஆசிரியர்கள் கூடி எழுதிய குறிப்பும் இறுதி முடிவிலிருந்து மாறக்கூடும் என்பதற்கு 2024ஆம் ஆண்டின் அணு குறித்த இயற்பியல் வினாவே போதும். பழைய என்சிஇஆர்டி நூலின்படி ஒரு விடையும் புதிய நூலின்படி வேறொரு விடையும் வந்ததால், தேர்வு முகமை இரண்டையும் ஏற்றுக்கொண்டது. பிறகு உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி டெல்லி ஐஐடி வல்லுநர்கள் ஆராய்ந்து, ஒரே விடைதான் சரி என்றனர். முதலில் 720க்கு 720 பெற்றவர்களாக அறிவிக்கப்பட்ட 67 பேரில், 44 பேர் இந்த ஒரு வினாவின் திருத்தத்தாலேயே அந்த மதிப்பெண்ணை இழந்தார்கள். முழு மதிப்பெண்ணையே அசைத்த மாற்றம் அது. நடுவில் இருக்கும் மாணவரின் தரவரிசையை எவ்வளவு அசைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி கணிப்பான். மதிப்பெண்ணையும் பிரிவையும் உள்ளிட்டால் அகில இந்தியத் தரவரிசை இத்தனையிலிருந்து இத்தனைக்குள் வரும் என்று அது காட்டுகிறது. எந்த ஆண்டின் தரவைக் கொண்டு கணக்கிடுகிறது என்று திரையில் எங்கும் எழுதவில்லை; காட்டிய எண்களைப் பார்த்தால் முந்தைய ஆண்டின் தரவாகவே தோன்றியது. அதுதான் பெருந்தவறு. 2024இல் 650 மதிப்பெண் எடுத்தவர்கள் பல ஆயிரம் பேருக்குப் பின்னால் நின்றார்கள். 2025இல் இயற்பியல் மிகக் கடினமாக அமைந்து, முதலிடம் பெற்றவரின் மதிப்பெண்ணே 686ஆக இருந்தது. 650ஐத் தாண்டியவர்கள் நாடு முழுவதும் நூறு பேர்கூட இல்லை. பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண்ணும் 162இலிருந்து 144ஆக இறங்கியது. இந்த வேறுபாட்டை அறியாத கருவி, ஓரளவு நன்றாக எழுதிய பிள்ளைகளிடமும் "இடம் கிடைக்காது" என்று அன்றிரவே சொல்லிவிட்டது. எங்கள் மாணவி ஒருத்தி அந்தத் திரையைப் பார்த்த பிறகு சாப்பிடவே மறுத்தாள் என்று அவளுடைய அம்மா என்னிடம் சொன்னார். இலவசச் சேவைதானே என்று இதைக் கடந்து போக என்னால் முடியவில்லை.

பிரிவுகளைக் கேட்கும் இடத்திலும் குறை உண்டு. பொது, ஓபிசி, எஸ்சி, எஸ்டி, இடபிள்யூஎஸ் (பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்) என்ற ஐந்தே தெரிவுகள்தாம் இருந்தன. அவை 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் பொருந்தும். அரசுக் கல்லூரிகளின் எஞ்சிய 85 விழுக்காட்டு இடங்களுக்குத் தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்படி பிசி, பிசி முஸ்லிம், எம்பிசி, எஸ்சி, எஸ்சி அருந்ததியர், எஸ்டி என்று பிரிவுகள் உள்ளன. அவற்றுக்கு மேலாக, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கும் மதிப்பெண், பொதுப் பட்டியலைவிட வெகுவாகக் குறைவு. எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் நம்பியிருப்பது அந்த வாய்ப்பைத்தான். கணிப்பானுக்கு அப்படியொரு பட்டியல் இருப்பதே தெரியவில்லை.

முடிவைக் காட்டுவதற்கு முன் கைபேசி எண்ணைக் கட்டாயமாகக் கேட்கிறார்கள். எண்ணைக் கொடுத்த வீடுகளுக்கு மறுநாளிலிருந்தே மறுபடி தேர்வு எழுதுவோருக்கான ரிப்பீட்டர் வகுப்பில் சேரச் சொல்லி அழைப்புகள் வந்தன. மனம் சோர்ந்திருக்கும் நேரத்தில், கட்டண விவரத்தோடு பெற்றோரை அழைப்பது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

பயன்படுத்த விரும்புவோர் தேர்வன்று இரவு வினாத்தாளை மூடி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து, திருத்தங்கள் ஓய்ந்த பிறகு விடைக்குறிப்பை மட்டும் திறக்கலாம். கூட்டிய மொத்தத்தை ஒரே எண்ணாக எழுதாமல், உறுதியானவை தனியாகவும் ஐயத்துக்குரியவை தனியாகவும் எழுதி வைப்பது நல்லது. தேர்வு முகமை ஓஎம்ஆர் நகலையும் தற்காலிக விடைக்குறிப்பையும் வெளியிடும்போது, வினாத்தாளில் வைத்த புள்ளியும் ஓஎம்ஆரில் நிரப்பிய வட்டமும் ஒன்றுதானா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். மறுப்புத் தெரிவிக்க வினா ஒன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அது திரும்பக் கிடைக்காது. அவகாசமும் சில நாள்களே. அப்போது எந்த வினாவுக்குப் பணம் கட்டலாம் என்று முடிவெடுக்க, பாடநூல் பக்கத்தோடு விளக்கம் தரும் இந்தத் தனியார் குறிப்பு உண்மையிலேயே கைகொடுக்கும். கணிப்பானைப் பொறுத்தவரை, எந்த ஆண்டின் தரவு என்று திரையில் எழுதி, மாநிலப் பிரிவுகளையும் 7.5 விழுக்காட்டுப் பட்டியலையும் சேர்க்கும் வரை எங்கள் மாணவர்களிடம் அதைக் காட்ட மாட்டேன்.