கென்னிகொட் ஆலை, 1000 துண்டு ஜிக்சோ: வாங்கலாமா?

திருகோணமலை மத்திய வீதியில் ஒரு கடையில் மகள் வாங்கிவந்த பெட்டி இது. படத்தில் அலாஸ்காவின் கென்னிகொட்: மலைச்சரிவில் படிபடியாக இறங்குகிற 14 மாடிச் செப்பு ஆலை, சிவப்புச் சுவர், வெள்ளை யன்னல்கள்.

அந்தச் சிவப்புதான் வில்லங்கம். யன்னல் விளிம்பு இல்லாத துண்டு கையில் வந்தால் எங்கே பொருத்துவதென்று பிடிபடாது. கச்சான் காற்று வீசுகிற நேரத்தில் கதவையும் சாத்தி, ஃபேனையும் நிப்பாட்டி, வேர்த்து ஒழுக இருந்துதான் அடுக்க வேண்டும். அட்டை மொத்தம்தான், ஆனாலும் உப்புக் காற்றுக்கு ஓரம் கிளம்புகிறது.

படத் தெரிவுக்குக் குறை சொல்ல மாட்டேன். மலையிலிருந்து கம்பியில் தொங்கிவரும் வாளிகள் தாதுவை ஆலையின் உச்சியில் கொட்டும்; அங்கிருந்து நொறுக்கி, சலித்து, மாடி மாடியாகக் கீழே விடுவார்கள். இறக்குகிற வேலையைப் பூமியே பார்த்துக்கொள்ளும். 1911இல் முடிந்த 196 மைல் ரயில்பாதை அதைக் கொர்டோவாத் துறைமுகம் சேர்த்தது. 1938இல், நல்ல தாது தீர்ந்துபோக, கடைசி ரயிலோடு ஊரே காலி. கீழ் ஓரத்துச் சாம்பல் மேடுகளைச் சுரங்கக் கழிவென்றார் மருமகன். இல்லை தம்பி, கல்லும் மண்ணும் மூடின பனியாறு அது.

இதைச் சொல்ல பெட்டிக்குள் ஒரு தாள்கூட வைக்கவில்லை; இந்த விலைக்கு அது கஞ்சத்தனம். துண்டு ஒன்றும் குறையவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். என்னைப்போல் நித்திரை வராத பென்ஷன்காரர் வாங்கலாம், பெரிய மேசை இருந்தால்.